கேசி ஜோன்ஸ்: பாட்டு மறைத்த குடும்பத் தலைவர்

1909-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு வேடிக்கைப் பாட்டு அச்சேறியது. வரிகள் லாரன்ஸ் சீபர்ட், இசை எடி நியூட்டன். விபத்தில் இறந்துபோன ஓர் என்ஜின் டிரைவரைப் பற்றிய அந்தப் பாட்டின் முடிவில், அழுகிற பிள்ளைகளைத் தாய் தேற்றுகிறாள். வேறொரு ரயில் பாதையில் அவர்களுக்கு இன்னொரு தகப்பன் இருப்பதாகச் சொல்கிறாள். கொட்டகைகளில் கூட்டம் சிரித்தது. இசைத்தட்டுகளாகவும் அச்சுத் தாள்களாகவும் பாட்டு நாடெங்கும் போயிற்று. டென்னசி மாநிலத்து ஜாக்சன் நகரில், அந்த டிரைவரின் மனைவி ஜேனி மூன்று பிள்ளைகளோடு வாழ்ந்துகொண்டிருந்தார். பாட்டில் இருந்தது அவருடைய கணவரின் பெயர். ஆகவே இழிவு அவருக்கு. அடுத்த ஐம்பது ஆண்டுகளை அந்த ஒரு வரியை மறுப்பதிலேயே அவர் கழிக்க வேண்டியிருந்தது.

கேசி ஜோன்ஸை அறியாத அமெரிக்கர் குறைவு. அவரை அறிந்தவர்களிலும் மிகப் பெரும்பாலோர் பாட்டின் வழியாக, படங்களின் வழியாக, ரயிலை வெறிகொண்டு ஓட்டிச் செத்த சாகசக்காரராகவே அறிவார்கள். அவரை அப்படி நினைவுகூர்வது அவருக்கும் அவர் தொழிலுக்கும் செய்யும் அநீதி என்பது என் கருத்து. தம் வீட்டை நேசித்த, தொழிலைக் கற்றுப் படிப்படியாக உயர்ந்த ஒரு ரயில்வேத் தொழிலாளியாக அவரை மீட்டெடுக்க வேண்டும். ரயில் தொழிலாளர்களை நினைவுகூரும் இந்த மலரில் அவருக்கு இடம் கேட்பது அதற்காகத்தான்.

ஜான் லூதர் ஜோன்ஸ் 1863 மார்ச் 14 அன்று மிசௌரி மாநிலத்தின் தென்கிழக்கில் ஒரு கிராமத்தில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் கென்டக்கி மாநிலத்துக் கேசி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஊர்ப் பெயரே பின்னாளில் அவருக்கு அழைக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது. ரயில் வரும் ஊரில் வளரும் பையனுக்கு என்ஜின்மேல் வரும் ஆசையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பதினைந்து வயதில் மொபைல் அண்ட் ஓஹையோ ரயில்வேயில் தந்திக்காரராகச் சேர்ந்தார். பிறகு பிரேக்மேன், பிறகு ஃபயர்மேன். அந்தக் காலத்துப் பிரேக்மேன் வேலை எத்தகையது என்பதை இன்று எண்ணிப் பார்ப்பதே கடினம். ஓடும் சரக்கு வண்டியின் கூரைமேல், மழையிலும் பனியிலும், பெட்டிக்குப் பெட்டி தாவிப்போய்க் கைச்சக்கரத்தைத் திருகி வண்டியை நிறுத்த வேண்டும். பெட்டிகளைக் கோக்கும்போது விரல் போனவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். முழு விரல்களோடு இருப்பவன் புதியவன் என்று கணக்கிட்ட தொழில் அது.

வேலை நிமித்தம் ஜாக்சனுக்கு வந்து ஒரு தங்கும் விடுதியில் இடம்பிடித்தார். விடுதி நடத்தியவரின் மகள்தான் ஜேனி பிராடி. ஜேனி கத்தோலிக்கப் பெண். அவரை மணக்க விரும்பிய ஜோன்ஸ், அலபாமா மாநிலத்து விஸ்லர் என்ற ஊரின் தேவாலயத்தில் 1886 நவம்பர் 11 அன்று ஞானஸ்நானம் பெற்றார். இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 25 அன்று, ஜாக்சன் புனித மரியாள் ஆலயத்தில் திருமணம். வெஸ்ட் செஸ்டர் தெருவில் ஒரு வீடு வாங்கினார்கள். இரண்டு ஆண், ஒரு பெண் என்று மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். ஜோன்ஸ் மது தொடாதவர், குடும்பத்தின்மேல் உயிராக இருந்தவர் என்பதில் அவரைப் பற்றி எழுதியவர்கள் ஒத்துப்போகிறார்கள். ரயில் ஊர்களில் சம்பள நாளன்று சாராயக்கடை எப்படி நிரம்பும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தச் சிறு தகவலின் எடை விளங்கும்.

1887-இல் மஞ்சள் காய்ச்சல் பக்கத்து நிறுவனமான இல்லினாய்ஸ் சென்ட்ரலின் ஊழியர்களை வாரிக்கொண்டு போனது. காலியான இடங்களில் புதியவர்களுக்கு விரைவில் பதவி உயர்வு கிடைக்கும் நிலை வந்தது. 1888 மார்ச்சில் ஜோன்ஸ் அங்கே ஃபயர்மேனாக மாறினார்; 1891 பிப்ரவரியில் டிரைவரானார். பிறர் சாவு திறந்துவிட்ட வழியில்தான் அந்தத் தலைமுறைத் தொழிலாளர் பலர் மேலே வந்தார்கள். ஜோன்ஸும் அப்படி வந்தவர்.

1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, மக்களை ஏற்றிப்போகும் வண்டிகளை ஓட்ட நிறுவனம் ஆள் கேட்டது. ஜோன்ஸ் அந்தக் கோடை முழுவதும் அங்கே வேலை செய்தார். கண்காட்சியில் இல்லினாய்ஸ் சென்ட்ரல் வைத்திருந்த 638-ஆம் எண் சரக்கு என்ஜின் அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது. எட்டு ஓட்டுசக்கரங்கள் கொண்ட பெரிய என்ஜின். கண்காட்சி முடிந்ததும் அதைத் தாமே ஓட்டிச்செல்ல அனுமதி கேட்டு, மிசிசிப்பியின் வாட்டர் வேலி வரை கொண்டுவந்து சேர்த்தார். பிறகு பல ஆண்டுகள் அதுவே அவருடைய என்ஜின். ஒரு டிரைவருக்கு ஒரே என்ஜின் என்ற வழக்கம் இருந்த காலம் அது. எந்த ஏற்றத்தில் அது மூச்சுவாங்கும், எந்த வால்வு எப்போது கசியும் என்பதெல்லாம் ஓட்டுபவரின் கைக்குப் பழகிவிடும். அவருடைய ஊதலும் அவர் சொத்து. நீளம் வேறுபட்ட ஆறு குழல்களைச் சேர்த்துச் செய்த ஊதல்; மெல்லத் தொடங்கி உயர்ந்து பிறகு அடங்கும். இரவில் பாதையோரத்து வீடுகளில் அதைக் கேட்டவர்கள், போவது கேசி ஜோன்ஸ் என்று படுக்கையிலேயே சொல்வார்களாம்.

1895-இல் மிசிசிப்பி மாநிலத்து மிச்சிகன் சிட்டி என்ற சிற்றூரை நெருங்கும்போது நடந்ததாக ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. குழந்தைகள் சிலர் தண்டவாளத்தைக் கடந்து ஓட, ஒரு சிறுமி மட்டும் பயத்தில் நடுப்பாதையில் உறைந்து நின்றுவிட்டாள். ஜோன்ஸ் அப்போது என்ஜினின் பக்கவாட்டு நடைபலகையில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வண்டி நிற்கப்போவதில்லை என்று தெரிந்ததும் முன்பக்க இரும்புச் சட்டத்துக்கு இறங்கி, ஒரு கையால் பற்றிக்கொண்டு மறு கையால் சிறுமியை வாரித் தூக்கினார்.

இத்தனையும் சொன்ன பிறகு அவருடைய பணிப்பதிவேட்டையும் சொல்லத்தான் வேண்டும். விதிமீறல்களுக்காக ஒன்பது முறை தண்டிக்கப்பட்டவர் ஜோன்ஸ். மொத்தம் 145 நாள் தற்காலிக வேலைநீக்கம். இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் ஒரு தண்டனையும் இல்லை. அவர் வேகமாக ஓட்டுவார் என்பது எல்லோருக்கும் தெரியும், நிறுவனத்துக்கும் தெரியும். கால அட்டவணை தவறாமல் வண்டியைக் கொண்டுசேர்ப்பவர் என்ற பெயர்தான் அவருக்கு 1900-இன் தொடக்கத்தில் மெம்ஃபிஸ்–கேன்டன் விரைவுப் பயணி வண்டியைப் பெற்றுத் தந்தது. வேகத்தைக் கண்டிக்கும் கையே வேகத்துக்குப் பதவியும் கொடுத்தது. இதை மறந்துவிட்டு அந்த விபத்தைப் பேசுவது நியாயமாகாது.

1900 ஏப்ரல் 29 இரவு. கேன்டன் நோக்கித் தெற்கே போகவேண்டிய முதல் எண் வண்டியின் வழக்கமான டிரைவருக்கு உடம்பு சரியில்லை. மாற்றாக ஜோன்ஸ் ஒப்புக்கொண்டார். அவருடைய ஃபயர்மேன் சிம் வெப் என்ற கறுப்பின இளைஞர். என்ஜின் எண் 382. வண்டி வந்துசேர்ந்ததே தாமதம். மெம்ஃபிஸை விட்டுக் கிளம்பும்போது நள்ளிரவு 12:50. அட்டவணைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்னால். கேன்டன் ஏறக்குறைய 190 மைல் தொலைவு. அதிகாலை 4:05-க்குப் போய்ச் சேர வேண்டும். நிற்குமிடங்களையும் சேர்த்துப் பார்த்தால் மணிக்குச் சராசரி 58 மைல், அதாவது 93 கிலோமீட்டர். நீராவி என்ஜினில், இருட்டில், ஒற்றைப் பாதையில்.

அந்த வேகம் டிரைவரின் கையில் மட்டும் இருப்பதில்லை. நெருப்புப் பெட்டியின் எந்த மூலையிலும் கரி குவியாமல், எங்கும் வெற்றிடம் விழாமல், மெல்லிய படலமாக நெருப்பைக் காக்க வேண்டும். கொதிகலனில் தண்ணீர் குறையக் கூடாது, நீராவி அழுத்தம் இறங்கக் கூடாது. ஆடும் தரையில் நின்றுகொண்டு மண்வாரியால் அளந்து அளந்து போடவேண்டும். மூன்று மணி நேரம் அதை இடைவிடாமல் செய்தவர் வெப். ஜோன்ஸ் அந்த இரவில் மீட்ட நிமிடங்களில் பாதி வெப்பின் தோளுக்குச் சேரவேண்டியவை.

இழந்த நேரம் ஏறக்குறைய முழுதும் மீண்டுவிட்டது. கேன்டனுக்கு இன்னும் சுமார் 15 மைல். இடையில் வான் என்றொரு சிறிய நிலையம்.

அங்கே நிலைமை இப்படி இருந்தது. தெற்கே போகும் 83-ஆம் எண் சரக்கு வண்டியும் வடக்கே போகும் 72-ஆம் எண் சரக்கு வண்டியும் ஒரே லூப் லைனில் நின்றன. இரண்டும் சேர்ந்தால் லூப் லைனின் நீளத்தைவிடப் பத்துப் பெட்டி அதிகம். அப்படிப்பட்ட இடத்தில் முதலில் வண்டிகளைப் பின்னுக்குத் தள்ளி ஒரு முனையைக் காலிசெய்வார்கள். கடந்துபோகும் வண்டி பாதி நுழைந்ததும் முன்னுக்கு நகர்ந்து மறு முனையைக் காலிசெய்வார்கள். சற்று முன்பு இன்னொரு பயணி வண்டிக்கு அப்படித்தான் வழிவிட்டிருந்தார்கள். ஜோன்ஸின் வண்டிக்காக மறுபடி நகரும்போது 72-ஆம் வண்டியின் காற்றுக் குழாய் ஒன்று அறுந்தது. வெஸ்டிங்ஹவுஸ் காற்றுப் பிரேக்கின் அமைப்பு, குழாயில் அழுத்தம் போனால் எல்லாச் சக்கரங்களும் தாமே இறுகிக்கொள்ளும்படியானது. எத்தனையோ உயிரைக் காத்த ஏற்பாடு. அன்று அதே ஏற்பாடு வண்டியை நின்ற இடத்தில் பூட்டிவிட, 83-ஆம் வண்டியின் கடைசி நான்கு பெட்டிகள் மெயின் லைன்மேல் நின்றுபோயின.

தானியங்கி சிக்னல்கள் இல்லாத பாதை. கால அட்டவணையும் தந்தியில் வரும் உத்தரவும்தான் வண்டிகளைப் பிரித்து வைத்தன. வழியில் தடை ஏற்பட்டால் கொடிக்காரர் பின்னால் ஓடி, சிவப்பு விளக்கைக் காட்டி, தண்டவாளத்தின்மேல் எச்சரிக்கை வெடியை வைக்க வேண்டும். நம் ரயில்வேக்காரர்கள் ஃபாக் சிக்னல் என்று சொல்லும் அதே வெடிதான்.

வானுக்கு முன்னால் பாதை இடப்பக்கமாக நீண்டு வளைகிறது. வலப்பக்கம் உட்கார்ந்திருந்த ஜோன்ஸுக்குக் கொதிகலன் மறைத்தது. இடப்பக்கம் இருந்த வெப்தான் கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கை முதலில் கண்டு கத்தினார். ஜோன்ஸ் அவரைக் குதிக்கச் சொன்னார். வெப் குதித்தார், விழுந்து நினைவிழந்தார். ஜோன்ஸ் குதிக்கவில்லை. காற்றுப் பிரேக்கை முழுதும் போட்டு, என்ஜினைப் பின்னோட்டத்துக்குத் திருப்பினார். ஏறக்குறைய 75 மைல் வேகம் 35 மைலாக இறங்கியது. அதிகாலை 3:52. என்ஜின் கடைசிப் பெட்டியையும், வைக்கோல் ஏற்றிய பெட்டியையும், சோளம் ஏற்றிய பெட்டியையும் பிளந்து, மரம் ஏற்றிய பெட்டியில் பாதி புகுந்து, பாதையைவிட்டு விலகிக் கவிழ்ந்தது. பயணிகளில் ஒருவர்கூட இறக்கவில்லை. இறந்தவர் ஜோன்ஸ் மட்டும். வயது 37.

விசாரணையின் இறுதி அறிக்கை 1900 ஜூலையில் வந்தது. கொடிக்காரரின் சிக்னலை மதிக்காமல் ஓட்டிய டிரைவர் ஜோன்ஸே முழுப் பொறுப்பு என்று நிறுவனத்தின் பொது மேலதிகாரி வெளியிட்ட அந்த அறிக்கை சொன்னது. கொடிக்காரர் தாம் போய் வெடி வைத்ததாகச் சாட்சி சொன்னார். கொடியையும் காணவில்லை, வெடிச்சத்தமும் கேட்கவில்லை என்று வெப் சொன்னார். 1957-இல் மெம்ஃபிஸில் இறக்கும்வரை அதையே சொன்னார். இந்த இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நூறாண்டு கழித்து நமக்கு வழியில்லை. ஆனால் முழுப் பொறுப்பு என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். கொள்ளாத லூப் லைனில் இரண்டு வண்டிகளைத் திணித்தது அவரல்லர். குழாய் அறுந்தது அவரால் அல்ல. கிளம்பும்போதே இருந்த தாமதத்தை உண்டாக்கியவரும் அவரல்லர். இறந்தவர் பதில் சொல்ல மாட்டார் என்பதால் அவர்மேல் எல்லாவற்றையும் இறக்கிவைப்பது அதிகாரிகளுக்கு எளிது. எந்த நாட்டு ரயில்வேயிலும் டிரைவர்களின் குடும்பங்கள் இதைக் கண்டிருக்கின்றன.

அறிக்கையோடு ஒரு செலவுக் கணக்கும் போனது. நிறுவனத்துக்கு நேர்ந்த மொத்த இழப்பு 3,323 டாலர் 75 சென்ட். அதில் என்ஜினுக்கு மட்டும் 1,396 டாலர் 25 சென்ட். பார்சல் ஊழியர் ஒருவரின் முதுகு வலிக்கு 25 டாலர். உயிருக்குக் குதித்து உடம்பெல்லாம் காயப்பட்ட சிம் வெப்புக்கு 5 டாலர். என்ஜின் பழுதுபார்க்கப்பட்டு 1935 வரை வாழ்ந்தது.

ஜாக்சனில் அதே ஆலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. 118 மைல் பயணம்செய்து பதினைந்து டிரைவர்கள் வந்து கலந்துகொண்டார்கள். அன்றைய நாளில் அது பெரிய கூட்டமாகக் கருதப்பட்டது. 33 வயது ஜேனிக்குக் கிடைத்த தொகை 3,000 டாலர். அதை நிறுவனம் கொடுக்கவில்லை. டிரைவர்களின் சகோதரத்துவச் சங்கத்திலும் ஃபயர்மேன்களின் சங்கத்திலும் ஜோன்ஸ் தலா 1,500 டாலருக்குக் காப்பீடு எடுத்து வைத்திருந்தார். ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. ரயில்வேத் தொழிலாளர்களுக்கு நாடு தழுவிய ஓய்வூதியச் சட்டம் வந்தது 1930-களில்தான்.

அந்தக் காப்பீட்டின் பின்னணி தெரிந்தால் ஜோன்ஸின் குடும்பப் பற்று இன்னும் துலங்கும். ஃபயர்மேன்களின் சங்கம் 1873-இல் நியூயார்க் மாநிலத்தின் போர்ட் ஜெர்விஸில் பதினொரு பேர் கூடித் தொடங்கியது. உடன் வேலைபார்த்த ஒருவர் விபத்தில் இறக்க, அவர் குடும்பத்துக்குப் பணம் திரட்டியவர்கள் அடுத்தடுத்து வரப்போகும் சாவுகளை எண்ணிச் சங்கம் கட்டினார்கள். 1900-ஆம் ஆண்டுக் கணக்கில் மட்டும் அமெரிக்க ரயில்வேக்களில் 2,500-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையில் மடிந்தார்கள். டிரைவரான பிறகும் ஃபயர்மேன் சங்கத்துச் சந்தாவை விடாமல் கட்டிவந்தவர் ஜோன்ஸ். மாதாமாதம் இரண்டு இடத்தில் பணம் கட்டியவருக்குத் தம் தொழிலின் ஆபத்தும் தெரியும், தாம் இல்லாத வீட்டைப் பற்றிய கவலையும் இருந்தது. சாவை விளையாட்டாக எண்ணியவராக அவரைக் காட்டும் கதைகள் இந்தச் சந்தா ரசீதுகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

பாட்டு எப்படி வந்தது? கேன்டன் லோகோ ஷெட்டில் என்ஜின் துடைக்கும் வேலையில் இருந்தவர் வாலஸ் சாண்டர்ஸ், கறுப்பினத்தவர். ஜோன்ஸை நன்கு அறிந்தவர். தம் நண்பரின் சாவைத் துக்கத்தோடு, தமக்குத் தெரிந்த ஒரு மெட்டில் வேலையிடத்தில் பாடத் தொடங்கினார். ஷெட்டிலிருந்து பாட்டு பாதை நெடுகப் பரவியது. லெய்ட்டன் என்ற டிரைவர் அதைக் கேட்டு, மேடைப் பாடகர்களான தம் சகோதரர்களிடம் சேர்த்தார். மேடையில் அது வளர்ந்தது, மாறியது. கடைசியில் சீபர்ட்டும் நியூட்டனும் அதை நகைச்சுவைப் பாட்டாக்கி அச்சிட்டபோது விபத்து மேற்குக் கரைப் பக்கம் போய்விட்டது. கூடவே அந்த இன்னொரு தகப்பனும் வந்துசேர்ந்தான். சாண்டர்ஸுக்கு உரிமையும் இல்லை, காசும் இல்லை. ஒரு தோழனின் ஒப்பாரியாகப் பிறந்தது ஒரு விதவையின் மேல் வீசிய ஏளனமாக முடிந்தது. நாட்டுப் பாடல் கைமாறும்போது உருமாறுவது இயல்பு என்று ஆய்வாளர்கள் எழுதலாம். உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் நடத்தையை உருமாற்ற யாருக்கும் உரிமையில்லை.

தொழிற்சங்கக் கவி ஜோ ஹில், 1911-இல் சதர்ன் பசிபிக் ரயில்வேயில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது அதே மெட்டில் ஒரு பாட்டுக் கட்டினார். அதில் கேசி ஜோன்ஸ் கருங்காலி. ஹில்லின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டு சங்கங்களில் உறுப்பினராக இருந்து இறந்தவரின் பெயரை அதற்கு எடுத்திருக்க வேண்டியதில்லை.

ஜேனி மறுமணம் செய்துகொள்ளவில்லை. பெரும்பாலும் கறுப்பு உடையிலேயே இருந்தார். பத்திரிகைக்காரர்கள் வரும்போதெல்லாம் அந்த வரியைத் தாம் எந்த அளவு வெறுக்கிறார் என்பதைச் சொன்னார். காலம் மெல்லத்தான் ஈடுசெய்தது. கணவரின் கல்லறைக்கு முறையான நினைவுக்கல் 1947-இல்தான் வந்தது. அதுவரை 47 ஆண்டுகள் மரச் சிலுவை மட்டும். விபத்தின் ஐம்பதாம் ஆண்டான 1950-இல் ரயில் டிரைவர்களைப் போற்றி அமெரிக்க அஞ்சல்துறை மூன்று சென்ட் தலை ஒன்றை ஜாக்சனில் வெளியிட்டது. அதில் ஜோன்ஸின் முகம் இருந்தது. அவர்கள் வாழ்ந்த செஸ்டர் தெரு வீடு 1956-இல் அருங்காட்சியகமாயிற்று. ஜேனி அதையும் கண்டு, 1958 நவம்பரில் 92 வயதில் காலமானார்.

சிம் வெப்பின் கணக்கு மட்டும் தீரவில்லை. அந்நாளில் தென்மாநில ரயில்வேக்களில் கறுப்பின ஃபயர்மேன் எத்தனை ஆண்டு கரி அள்ளினாலும் டிரைவராக முடியாது. இல்லினாய்ஸ் சென்ட்ரலில் ஃபயர்மேனாகச் சேர்ந்து மூன்றே ஆண்டில் ஜோன்ஸ் ஏறிய படி அவருக்கு அடைத்துக் கிடந்தது. ஜேனிக்கு 1,500 டாலர் தந்த அந்த ஃபயர்மேன் சங்கமும் வெள்ளையரை மட்டுமே சேர்த்துக்கொண்டது. அன்றிரவு ஜோன்ஸ் குதிக்கச் சொல்லாமல் இருந்திருந்தால், வெப்பின் வீட்டுக்கு அந்தச் சங்கத்திலிருந்து ஒரு காசும் போயிருக்காது.